ஹூடியா பசியடக்கிப் பொடி: வாங்கி, சோதித்து, சாப்பிட்டும் பார்த்தேன்

டர்பனில் இருக்கும் தோழி ஒருத்தி போன பிப்ரவரியில் ஒரு படம் அனுப்பினாள். கையில் ஒரு மாத்திரை டப்பா. "அக்கா, உங்க பக்கத்துப் பாலைவனத்துல விளையற செடியாமே இது. சாப்பிட்டா பசியே எடுக்காதாமே. நான் சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு 51 வயது. பத்து வருடமாக பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இப்போது சர்க்கரையும் எல்லைக்கு வந்து நிற்கிறது, எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேள்வி கேட்கும்போதே அவள் பன்னிரண்டு நாள் சாப்பிட்டு முடித்திருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் மாகாணத்தில், அப்பிங்டனில். கணவருக்கு இங்கே சூரிய மின் நிலையத்தில் வேலை. இதற்கு முன்பு பதினோரு வருடம் ஒரு மருந்தியல் கல்லூரியில் மூலிகைப் பொடிகளைச் சோதிப்பது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இங்கே ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்கிறேன். செடியும் பக்கத்தில், சோதனைக் குழாயும் பக்கத்தில். அப்படியிருக்க, "தெரியலையேம்மா" என்று அவளுக்குப் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்று ஹூடியா சரக்குகளைச் சேர்த்து, தெரிந்த வரையில் சோதித்து, அதில் ஒன்றை நான்கு வாரம் சாப்பிட்டும் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செடி. ஹூடியா கோர்டோனி பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும், ஆனால் கள்ளி இல்லை. எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. அடியிலிருந்து விரல் விரலாகத் தண்டுகள் கிளம்பும்; நன்றாக வளர்ந்தால் இடுப்பு உயரம் வரும். தண்டு முழுக்க வரிசை வரிசையாக முள். பூ தட்டு மாதிரி அகலமாக, வெளுத்த இறைச்சி நிறத்தில் இருக்கும்; வாசமும் அழுகிய இறைச்சி வாசம்தான். ஈக்கள் அதை நம்பி வந்து மகரந்தச் சேர்க்கை செய்துவிட்டுப் போகும். கலஹாரிப் பாலைவனத்தின் பழங்குடிகளான சான் மக்கள் வேட்டைக்கு நெடுந்தூரம் போகும்போது முள்ளைச் சீவிவிட்டுத் தண்டைப் பச்சையாகக் கடித்துப் பசியும் தாகமும் தாங்கியிருக்கிறார்கள். இது பல தலைமுறை அறிவு. டப்பா விற்கிறவர்கள் எல்லோரும் தங்கள் சரக்குக்கு ஆதாரமாக முதலில் காட்டுவது இதைத்தான்.

தோழி வாங்கியது இணையத்தில். தன்னிடம் மீதி இருந்ததில் பத்து மாத்திரையை எனக்கு அஞ்சலில் அனுப்பினாள். இரண்டாவது, நானே இங்கே ஓர் உடல்நலப் பொருள் கடையில் வாங்கியது: பச்சை மூடி டப்பா, 60 கேப்ஸ்யூல், ஒவ்வொன்றும் 400 மில்லிகிராம், விலை 285 ராண்ட். 'நூறு சதவீதம் தூய ஹூடியா' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தது. மூன்றாவதைத் தேடிக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. ககாமாஸ் பக்கம், ஆரஞ்சு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், உரிமம் வைத்து ஹூடியா வளர்க்கும் ஒரு குடும்பம். அவர்களிடம் 100 கிராம் பொடி 180 ராண்டுக்கு வாங்கினேன். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, காய்ந்த தண்டுத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டப்பாவைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு, அது டப்பாவில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. காட்டுச் செடியை அளவில்லாமல் பிடுங்க ஆரம்பித்ததால், 2004 அக்டோபரில் பாங்காக்கில் நடந்த சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) மாநாட்டில் ஹூடியாவை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். அதாவது அனுமதிச் சீட்டு இல்லாமல் அது நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு விலக்கு உண்டு: கட்டுப்பாட்டோடு அறுவடை செய்த சரக்கு என்று ஒப்பந்த எண்ணோடு சீட்டு ஒட்டியிருந்தால் தடையில்லை. அந்த எண்ணுக்கு முன்னால் போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா என்ற மூன்று நாடுகளில் ஒன்றின் எழுத்து இருக்கும். உள்நாட்டில் விற்கிற டப்பாவில் அது கட்டாயம் இருந்தாக வேண்டும் என்றில்லை. ஆனால் நேர்மையாக வளர்த்து விற்கிற ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதில் தயக்கம் இருக்காது. ககாமாஸ் பொடியில் வளர்ப்பு உரிம எண், அறுவடை மாதம், பாத்தி எண் வரைக்கும் எழுதியிருந்தது. பச்சை மூடியில் ஊர் பெயர்கூட இல்லை. கடையில் கேட்டேன். மொத்த வியாபாரியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இரண்டு முறை மறுபடி போய்க் கேட்டும் பதில் கிடைக்கவில்லை.

சரி, சோதனைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிதானமாகவே போகப் போகிறேன், ஏனென்றால் என் தீர்ப்பில் பாதி இங்கேதான் நிற்கிறது.

ஹூடியாவில் கலப்படத்துக்கு அதிகம் பேசப்பட்ட பொருள் சப்பாத்திக் கள்ளி. வடக்கு கேப்பில் அது வேலி ஓரமெல்லாம் கிடக்கிறது, மலிவு, காயவைத்து அரைத்தால் நிறமும் ஏறக்குறைய அதேதான். அதனால் ஒரு கள்ளிமட்டையை நறுக்கி, வெயிலில் காயவைத்து, அரைத்து வைத்துக்கொண்டேன். ஆக என்னிடம் இரண்டு அளவுகோல்: நிச்சயமாக ஹூடியா என்று தெரிந்த தண்டு, நிச்சயமாக சப்பாத்தி என்று தெரிந்த பொடி. இது இல்லாமல் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். எதோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாமல் நிறம் மாறியது, வாசம் வந்தது என்று சொல்வதில் ஒரு பொருளும் இல்லை.

ஒவ்வொரு பொடியிலும் ஒரு தேக்கரண்டி எடுத்து, அரை டம்ளர் குளிர்ந்த நீரில் போட்டு இருபது நிமிடம் விட்டேன். ஹூடியா அடியில் படிந்து, மேலே நீர் பழுப்பாகத் தெளிந்து நின்றது. சப்பாத்திப் பொடி உப்பி, கரண்டியைத் தூக்கினால் நூல் விட்டது. பச்சை மூடிக் கேப்ஸ்யூலின் பொடியும் அப்படியே நூல் விட்டது. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் கொழகொழப்பு மட்டும் சாட்சி ஆகாது. கேப்ஸ்யூல் நிரப்பச் சேர்க்கும் வேறு பொருளும் அப்படிச் செய்யக்கூடும்.

அடுத்து நுண்ணோக்கி. பொடியைத் தெளியவைக்க வழக்கமாகப் பயன்படுத்தும் குளோரல் ஹைட்ரேட் பள்ளியில் கிடையாது. துணி வெளுக்கும் குளோரின் கரைசலில் பொடியை ஊறவைத்து, நன்றாகக் கழுவி, கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தேன். பச்சை மூடியில் நட்சத்திரக் கொத்து மாதிரி படிகங்கள் குவிந்து கிடந்தன. அசிட்டிக் அமிலம் விட்டால் கரையவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் நுரை இல்லாமல் கரைந்தன. கால்சியம் ஆக்சலேட்டின் குணம் அது. ஆனால் அந்தப் படிகம் பல செடிகளில் இருக்கும், தோட்டத்துப் பொடியிலும் அங்கொன்றும் இங்கொன்றும் கண்ணில் பட்டது. அதனால் அதை வைத்து முடிவு கட்டாமல் சில்லு சில்லாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழாவது சில்லில் கிடைத்தது. முடியளவு மெல்லிய முள் ஒன்று, உடைந்து பாதி. அதன் மேல் செதில் செதிலாகக் கொக்கிகள், எல்லாம் பின்னோக்கித் திரும்பியவை. சப்பாத்திப் பழம் பறித்தவர்களுக்கு இந்த முள்ளைத் தெரியும்; விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, பிடுங்கவும் வராது. இந்தக் கொக்கி முள் சப்பாத்திக் கள்ளிக் கூட்டத்துக்கே உரியது. ஹூடியாவில் இதற்கு இடமே இல்லை. மேலும் பத்துச் சில்லு பார்த்ததில் இன்னும் நான்கு கிடைத்தன.

பிறகு கெல்லர்-கிலியானி சோதனை. ஹூடியாவில் பசியை அடக்குவதாகச் சொல்லப்படும் பொருளுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் பி57. அது ஒரு ஸ்டீராய்டு கிளைக்கோசைடு. அதன் முதுகில் மூன்று சர்க்கரை தொங்குகிறது. அதில் இரண்டு சைமரோஸ் என்ற ஆக்சிஜன் குறைந்த சர்க்கரை. அந்த வகைச் சர்க்கரையை இந்தச் சோதனை பிடித்துவிடும். பொடியை எத்தனாலில் கொதிக்கவைத்து, வடிகட்டி, நீர் சேர்த்து, குளோரோஃபார்மில் குலுக்கிப் பிரித்தேன். அந்தப் படியைச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது. சாதாரணச் சர்க்கரை உள்ளே இருந்தால் கடைசியில் அமிலம் பட்டுக் கருகி, எல்லாப் பொடியும் பழுப்பு வளையம் காட்டும், நாம் ஏமாந்துபோவோம். குளோரோஃபார்மை ஆவியாக்கி, மிஞ்சியதை அடர் அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஒரு துளி ஃபெரிக் குளோரைடு சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து அடர் சல்பூரிக் அமிலத்தை ஓரமாக இறக்க வேண்டும். முகக் கவசம், கையுறை, புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் இதை வீட்டில் செய்யாதீர்கள்.

ககாமாஸ் பொடியிலும் தண்டிலும் இரண்டு திரவங்கள் சேரும் இடத்தில் செம்பழுப்பு வளையம் தெளிவாக விழுந்தது; மேல் பகுதி கொஞ்ச நேரத்தில் நீலப்பச்சையாக மாறியது. சப்பாத்தியில் வளையம் இல்லை. பச்சை மூடியிலும் இல்லை, மூன்று முறை செய்தும் இல்லை. தோழியின் மாத்திரையில் மங்கலாக ஒரு கோடு விழுந்தது. அதாவது அதில் கொஞ்சமாவது ஏதோ இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வளையம் விழுந்தால் அது ஹூடியாதான் என்று அர்த்தமில்லை. அரளி விதையிலும் விழும். ஹூடியாவின் ஒன்றுவிட்ட உறவுச் செடிகள் பலவற்றிலும் விழலாம். பி57 எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, திரவ வண்ணப்பகுப்புக் கருவி வேண்டும். அது என்னிடம் இல்லை. வளையம் விழவில்லை என்றால், சொல்லிக்கொள்கிற அளவு ஹூடியா அதில் இல்லை என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம். பச்சை மூடியைப் பற்றி அதைத் துணிந்து சொல்கிறேன். 285 ராண்ட் கொடுத்து 24 கிராம் கள்ளிப்பொடி வாங்கியிருக்கிறேன்.

தோழியின் மாத்திரை அதைவிட என்னைக் கலங்கடித்தது. சீட்டின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஹூடியா, பச்சைத் தேயிலைச் சாறு, குவாரனா, காஃபீன் என்று வரிசையாக எழுதி, எது எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாமல் எல்லாம் சேர்ந்த மொத்த எடையை மட்டும் போட்டிருந்தார்கள். குவாரனாவே காஃபீன் நிறைந்த விதை. "சாப்பிட்டதிலிருந்து சுறுசுறுப்பா இருக்கு அக்கா, பசி தெரியல, ஆனா ராத்திரி தூக்கம் வரல" என்று அவள் சொன்னதற்குக் காரணம் பாலைவனச் செடி இல்லை. வெறும் வயிற்றில் நாலு கப் காப்பி குடித்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பிபி இருப்பவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். மருத்துவரிடம் அந்தச் சீட்டைக் காட்டவும் சொன்னேன்.

அப்படியானால் உண்மையான ஹூடியா? அது வேலை செய்யுமா? இந்தக் கேள்விக்கு என்னைவிடப் பெரியவர்கள் நிறைய பணம் செலவழித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் அரசு ஆய்வு மன்றமான சிஎஸ்ஐஆர் 1960களிலேயே சான் மக்களின் காட்டு உணவுகளை ஆராயத் தொடங்கி, 1995இல் ஹூடியாச் சாறுக்குக் காப்புரிமை கேட்டது. பிரிட்டனின் ஃபைட்டோஃபார்ம் நிறுவனம் உரிமம் வாங்கியது. 1998இல் ஃபைசர் மருந்து நிறுவனம் சேர்ந்தது, 2003இல் விலகியது. ஃபைசரில் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பின்னால் 2005இல் எழுதும்போது, சாற்றில் இருந்த வேறு பொருள்கள் கல்லீரலைப் பாதிக்கும் அறிகுறி காட்டின, அவற்றைப் பிரித்து நீக்குவதும் சுலபமாக இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2004இல் யூனிலீவர் எடுத்தது, உணவுப் பொருளில் சேர்க்கலாம் என்ற திட்டத்தோடு. 2008இல் அதுவும் கைவிட்டது.

நம்பிக்கை கொடுத்தது எலிச் சோதனைதான். 2004இல் வெளிவந்த ஆய்வில் பி57ஐ எலிகளின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தினார்கள். 24 மணி நேரத்தில் அவை தின்றது 40 முதல் 60 சதவீதம் குறைந்தது. விளம்பரங்கள் இதையும் தூக்கிப் பிடித்தன. ஆனால் நாம் வாயால் சாப்பிடுகிறோம். வயிற்று அமிலத்தில் இந்தப் பொருள் சிதைகிறது என்று பிற்பாடு ஆய்வகங்கள் காட்டின. மனிதர்களிடம் செய்து 2011இல் வெளியிட்ட சோதனையில் எடை கூடிய 49 பெண்களைத் தங்கவைத்து, பதினைந்து நாள், ஒரு பகுதியினருக்குச் சுத்திகரித்த ஹூடியாச் சாறு 1,110 மில்லிகிராம் வீதம் தினம் இரு வேளை, தயிர்ப் பானத்தில் கலந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் பானம். சாப்பிட்ட அளவிலோ எடையிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் ஹூடியா சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தோலில் ஒரு மாதிரியான உணர்வு. இரத்த அழுத்தமும் நாடியும் கூடின. கல்லீரலையும் பித்தத்தையும் காட்டும் பிலிருபின் அளவும் கூடியது.

இதைப் படித்த பிறகும் நான் ஏன் சாப்பிட்டேன் என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் சோதனையின் சாறு பல மடங்கு செறிவானது. கடையில் விற்கும் பொடியை அந்த அளவுக்குச் சாப்பிட வாய்ப்பே இல்லை. கடைப்பொடியின் அளவில் பசி குறைகிறதா என்பது எனக்கு நேரடியாகத் தெரிய வேண்டியிருந்தது. எனக்கு பிபி இல்லை, வேறு மாத்திரை இல்லை. தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பிறகும் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன், குடும்ப மருத்துவரிடமும் சொல்லிவிட்டேன். பிபியோ வேறு மாத்திரையோ இருப்பவர்களும், இந்தப் பரிசோதனையும் மருத்துவரும் இல்லாதவர்களும் இதைத் திரும்பச் செய்ய வேண்டாம், தயவுசெய்து.

முறை இதுதான். நிறமுள்ள காலி கேப்ஸ்யூல் வாங்கி, பாதிக் கேப்ஸ்யூல்களில் ககாமாஸ் பொடி, மீதிக் கேப்ஸ்யூல்களில் வறுத்த மக்காச்சோள மாவு நிரப்பினேன். நிரப்பியது மட்டும்தான் நான். அதற்கப்புறம் கணவர் காசு சுண்டி, நான்கு வாரத்துக்கு நான்கு உறை போட்டார்; எந்த வாரம் எது என்பது அவர் அலமாரியில் பூட்டிய சீட்டில் மட்டும். காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் இரண்டிரண்டு. பதினோரு மணிக்கும் ஐந்து மணிக்கும் பசிக்குப் பத்துக்கு எத்தனை என்று எண் போட்டேன். தட்டில் போடும் சாப்பாட்டைத் தராசில் வைத்தேன். காலை எழுந்ததும் பிபி.

இரண்டாவது வாரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, இதுதான் ஹூடியா வாரம் என்று. மதியம் வரை பசியே இல்லை, வயிற்றில் லேசான குமட்டல், நாக்கில் ஒரு கசப்பு. நோட்டில் கோடு போட்டு எழுதியும் வைத்தேன். நான்கு வாரம் முடிந்து சீட்டைத் திறந்தால், அது மக்காச்சோள வாரம். அந்தக் கசப்பை நாக்கில் உணர்ந்தது நிஜம். பசி இல்லாமல் இருந்ததும் நிஜம். அந்த ஒரு வாரத்தை மட்டும் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்திருந்தால் இன்றைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, தோழிக்கும் சிபாரிசு செய்திருப்பேன். இணையத்தில் இந்தப் பொடிக்குக் கிடைத்திருக்கும் எத்தனையோ நல்ல வார்த்தைகளை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை என்று இப்போது நம்புகிறேன். அவர்களுக்கு உறை போட்டுத் தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கணக்குப் பார்த்தால் ஹூடியா வாரங்களில் பசி எண் சராசரி 5.6, மாவு வாரங்களில் 5.4. சாப்பாட்டின் எடை நாளுக்கு நாள் ஏறி இறங்கியதே தவிர ஒரு பக்கமாகச் சாயவில்லை. பிபியின் மேல் எண் மாவு வாரங்களில் 118 ஒட்டியும், ஹூடியா வாரங்களில் 124 ஒட்டியும் இருந்தது. ஒருத்தியின் நான்கு வாரத்தை வைத்து இதிலிருந்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 2011 சோதனையில் ஏறிய அதே பக்கம் இங்கேயும் ஏறியிருப்பதைப் பார்த்தபோது தோழியின் நினைவுதான் வந்தது. அவளுக்கு ஏற்கனவே 140க்கு மேல் போகும். இரத்தப் பரிசோதனை இரண்டு முறையும் சரியாகவே இருந்தது.

அதனால் பசியடக்கும் மருந்தாக மூன்றையும் சிபாரிசு செய்ய மாட்டேன். பச்சை மூடி ஏமாற்று. தோழியின் மாத்திரை ஆபத்து. பிபி, இதய நோய், தூக்கமின்மை, சர்க்கரை மாத்திரை இதில் எது இருந்தாலும் கையில் எடுக்கவே வேண்டாம். ககாமாஸ் பொடி நேர்மையான பொருள், சீட்டில் சொன்னதுதான் உள்ளே இருக்கிறது, ஆனால் பசியை அடக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கும் இதைத் தொலைபேசியில் சொன்னேன். தோட்டக்காரர் கோபப்படவில்லை. "நான் பசி அடங்கும்னு சீட்டுல எழுதலையே" என்றார். உண்மை, அவர் எழுதவில்லை. 'ஹூடியா கோர்டோனி, உலர்த்திய தண்டு' என்பதோடு நிறுத்தியிருக்கிறார்.

ஆனால் அந்தத் தோட்டத்துக்குப் போவதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பொடிக்காக இல்லை. அங்கேதான் நான் முதல்முறையாகப் பச்சைத் தண்டைக் கடித்தேன். அவர் ஒரு தண்டை வெட்டி, முள்வரிசையைக் கத்தியால் மேலிருந்து கீழாகச் சீவி, உள்ளே வெளிர் பச்சையாக நீர் சொட்டச் சொட்டக் கையில் கொடுத்தார். முதல் கடியில் வெள்ளரி. இரண்டு நொடி கழித்துக் கசப்பு, வேப்பங்கொழுந்து மாதிரி நின்று பேசுகிற கசப்பு. அது போனதும் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனித்தது. அன்று வெயில் 39 டிகிரி. சாயங்காலம் வரை எனக்குப் பசிக்கவில்லை. ஆனால் அந்த வெயிலில் ஹூடியா இல்லாமலும் எனக்குப் பசித்திருக்காது. அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேட்டைக்காரர் கடித்தது நீர் நிறைந்த பச்சைத் தண்டு. வெயிலில், நடந்துகொண்டே, ஒரு நாள் இரண்டு நாள், வேறு எதுவும் கிடைக்காத நேரத்தில். தேவை முடிந்ததும் வேட்டை இறைச்சியை வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார். டப்பாவில் இருப்பது காய்ந்த பொடி, ஃபேன் காற்றில் உட்கார்ந்து, மாதக் கணக்கில், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் விழுங்குவதற்கு. சான் மக்கள் சொன்னது தவறு என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை. அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் பெயரில் விற்றார்கள்.

பெயரை எடுத்துக்கொண்டதும் கேட்காமல்தான். காப்புரிமை கேட்டபோது சிஎஸ்ஐஆர் அந்த மக்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் விஷயம் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் பேச்சு நடந்தது. 2003 மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: ஆய்வின் கட்டங்கள் முடியும்போது சிஎஸ்ஐஆருக்கு வரும் தொகையில் 8 சதவீதம், விற்பனை உரிமத் தொகையில் 6 சதவீதம் சான் மக்களுக்கு. மரபு அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஒப்பந்தங்களில் ஒன்று என்று அதை இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆனால் மருந்து சந்தைக்கே வராததால் அந்த 6 சதவீதம் எதன் மேலும் விழவில்லை. ககாமாஸ் தோட்டக்காரருக்கும் அதே கதைதான். 2006இல் விலை ஏறிக்கொண்டிருந்தபோது நான்கு ஹெக்டேர் நட்டிருக்கிறார். 2008க்குப் பிறகு வாங்க ஆள் இல்லை. மூன்றரை ஹெக்டேரை உழுது திராட்சை வைத்துவிட்டார். மீதி அரை ஹெக்டேரை அவர் மனைவி உழ விடவில்லையாம், பூவுக்காக.

போகிறவர்களுக்கு: ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் பூ பார்க்கலாம். மதிய வெயிலில் வாசம் தூக்கும். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூடிய செருப்பு போட்டுக்கொண்டு போங்கள், பாத்திக்குள் கல் சூடு. வழியில் மலையடிவாரத்தில் காட்டு ஹூடியா கண்ணில் பட்டால் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். அனுமதி இல்லாமல் வெட்டுவது இங்கே குற்றம், ஒரு தண்டு என்றாலும். நமீபியா எல்லைப் பக்கம் போகிறவர்கள் தோட்டத்தில் வாங்கிய பொடியையோ தொட்டிச் செடியையோ வண்டியில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், தோட்டத்து ரசீது அங்கே செல்லாது.

தோழி மாத்திரையை நிறுத்தி இப்போது எட்டு வாரம் ஆகிறது. தூக்கம் மூன்றாம் நாளே திரும்பிவிட்டது என்றாள். மருத்துவர் அவளை ஓர் உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் கடற்கரையில் நடக்கிறாள், நடந்து முடித்ததும் எனக்குப் போன் செய்கிறாள். செப்டம்பரில் அவளை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன், பூ பார்க்க.